‘டீகர்’: இரண்டு போர்களுக்கு நடுவே ஒரு ஜெர்மன் டார்பிடோ படகு

‘டீகர்’ என்ற ஜெர்மன் டார்பிடோ படகின் பணி வரலாற்றை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். 1927 ஏப்ரலில் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் கப்பல் கட்டும் தளத்தில் வேலை தொடங்கியது. 1928 மார்ச் 15-ல் தண்ணீரில் இறக்கினார்கள். 1929 ஜனவரியில் கடற்படையில் சேர்ந்தது. ஸ்பெயின் உள்நாட்டுப் போர் நடந்தபோது சில தடவை அந்தப் பக்கம் போய் வந்தது. 1939 ஆகஸ்ட் கடைசி வாரத்தில் பால்டிக் கடலில் மூழ்கியது. அவ்வளவுதான்.

கடைசி வரியில் இருக்கும் தேதியைக் கவனியுங்கள். இரண்டாம் உலகப்போர் தொடங்கியது 1939 செப்டம்பர் 1. அதாவது இந்தப் படகு முதல் போர் முடிந்து பல வருடம் கழித்துப் பிறந்து, அடுத்த போர் தொடங்குவதற்குச் சில நாள் முன்பே போய்விட்டது. பெரிய சண்டைகளின் கதை வேண்டும் என்றால் இது சரிப்படாது. ஆனால் இரண்டு போர்களுக்கு இடையில் ஜெர்மன் கடற்படை எப்படி இருந்தது என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல ஆரம்பம் எனக்குத் தெரியவில்லை. இந்தப் படகின் நீளம், எடை, பீரங்கி, பெயர், பார்த்த வேலை எல்லாவற்றிலும் ஒரு சமாதான ஒப்பந்தத்தின் கை இருக்கிறது.

படகா, கப்பலா?

முதல் குழப்பம் பெயரிலேயே இருக்கிறது. டீகரின் நீளம் 92 மீட்டருக்கு மேல். கிட்டத்தட்ட ஒரு கால்பந்து மைதானத்தின் நீளம். உள்ளே 120, 130 பேர் வேலை பார்த்தார்கள். இதைப் போய்ப் படகு என்பானேன்?

அதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். 1866-ல் இன்றைய குரோவேஷியாவின் ரியேகா நகரில் (அப்போது அது ஆஸ்திரியப் பேரரசின் ஃப்யூமே) ராபர்ட் ஒயிட்ஹெட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், தண்ணீருக்கடியில் தானாகவே ஓடிப்போய் வெடிக்கும் ஆயுதம் ஒன்றைச் செய்து காட்டினார். அதுதான் டார்பிடோ. அந்தக் காலத்துப் பெரிய போர்க்கப்பல்கள் தங்கள் இரும்புக் கவசத்தை நீர்மட்டத்தை ஒட்டியும் அதற்கு மேலேயும்தான் போட்டிருந்தன. டார்பிடோ அதற்குக் கீழே போய்த் தாக்கும். பீரங்கி மாதிரி இதைச் சுடுவதற்குக் கனமான மேடை எதுவும் தேவையில்லை. ஒரு சின்னப் படகில் குழாயைப் பொருத்தினால் போதும், உள்ளே இருக்கும் பத்துப் பதினைந்து பேர் ஒரு பெரிய கப்பலைக் கவிழ்த்துவிடலாம். காசு குறைவாக உள்ள கடற்படைகளுக்கு இது வரப்பிரசாதம்.

இந்தப் படகுகளை விரட்டுவதற்காகப் பிரிட்டன் 1890-களில் இன்னும் பெரிதாக, இன்னும் வேகமாக ஒரு வகைக் கப்பலைக் கட்டியது. டார்பிடோ படகுகளை நாசமாக்கும் கப்பல் என்று அதற்குப் பெயர். நாளடைவில் ‘டார்பிடோ படகு’ உதிர்ந்து, ‘நாசகாரி’ மட்டும் நின்றது. ஜெர்மானியர்கள் இந்தப் பிரிவினைக்கு உடன்படவில்லை. அவர்கள் தங்கள் டார்பிடோ படகையே வருடா வருடம் பெரிதாக்கிக்கொண்டு போனார்கள். ஆயிரம் டன்னைத் தொட்டபோதும் பெயர் மட்டும் அப்படியே இருந்தது. பையன் வளர்ந்து மீசை வைத்தபிறகும் வீட்டில் ‘குட்டி’ என்று கூப்பிடுவதில்லையா, அந்த மாதிரி.

முதல் உலகப்போர் முடியும்வரை இந்தப் படகுகளுக்குச் சொந்தப் பெயரும் கிடையாது. ஒரு எழுத்து, ஓர் எண். எழுத்து, கட்டிய தளத்தைக் குறிக்கும். வி என்றால் வுல்கான், எஸ் என்றால் ஷிஷாவ், ஜி என்றால் கெர்மானியா. பிறகு பழைய படகுகளின் எண்களுக்கு முன்னால் டி என்று மாற்றினார்கள். தொழிற்சாலையில் செய்த சாமானுக்கு முத்திரை குத்துவது போலத்தான்.

இங்கே இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். போர்க்காலப் படங்களில் அலை தெறிக்கப் பறக்கும் சின்ன விசைப்படகுகளைப் பார்த்திருப்பீர்கள். ஜெர்மனியில் அவற்றுக்கு ‘எஸ்-போட்’ என்று பெயர். அந்த வகையில் முதலாவது, எஸ் 1, 1930-ல் வந்தது. ஏதோ 50 டன் எடை. அதுவும் டார்பிடோ ஏந்திய படகுதான், ஆனால் நாம் பேசும் டார்பிடோ படகு வேறு. டீகர் அதைப்போல் பதினெட்டு மடங்கு கனம்.

டார்பிடோவுக்கு ஏன் இத்தனை வேகம் வேண்டும்?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். டார்பிடோ 40 நாட் வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். 5,000 மீட்டர் தூரத்தில் எதிரிக் கப்பல். டார்பிடோ போய்ச் சேர நான்கு நிமிடம் ஆகும். அந்த நான்கு நிமிடத்தில் 20 நாட்டில் போகும் எதிரி இரண்டரை கிலோமீட்டர் நகர்ந்திருப்பான். நடுவில் அவன் கொஞ்சம் திரும்பினால்கூட டார்பிடோ வெறும் தண்ணீரில் ஓடி முடியும். அதனால் கிட்டே போகவேண்டும். கிட்டே போனால் பீரங்கியால் அடிப்பான். எனவே வேகமாகப் போகவேண்டும், முடிந்தால் இருட்டில் போகவேண்டும், ஒன்றிரண்டு இல்லாமல் பல டார்பிடோக்களை விசிறி மாதிரி விரித்து விடவேண்டும், பல படகுகள் சேர்ந்து போகவேண்டும். டார்பிடோ படகின் தொழில் ரகசியம் மொத்தமும் இந்த ஒரு கணக்குக்குள் அடக்கம்.

தாக்காமலே காரியம் ஆவதும் உண்டு. 1916 மே 31 அன்று ஜட்லாண்ட் சண்டையில் ஜெர்மன் டார்பிடோ படகுகள் பாய்ந்து வந்தபோது பிரிட்டிஷ் தளபதி ஜெல்லிக்கோ தன் போர்க்கப்பல் வரிசையையே வேறு பக்கம் திருப்பினார். டார்பிடோக்கள் பெரிதாக எதையும் வீழ்த்தவில்லை. ஆனால் அந்தத் திருப்பத்தில் ஜெர்மன் கப்பல் படை தப்பிவிட்டது.

ஒப்பந்தம் போட்ட கட்டம்

1918-ல் ஜெர்மனி தோற்றது. அதன் நவீனக் கப்பல்களை ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஸ்காப்பா ஃப்ளோ என்ற இடத்தில் கொண்டுபோய்ப் பிரிட்டனின் கண்காணிப்பில் நிறுத்தினார்கள். மொத்தம் 74, அதில் 50 டார்பிடோ படகுகள். 1919 ஜூன் 21 அன்று உள்ளே இருந்த ஜெர்மன் மாலுமிகளே வால்வுகளைத் திறந்துவிட்டுப் பெரும்பாலானவற்றை மூழ்கடித்தார்கள். ஒரே நாளில் 52 கப்பல்கள் போயின.

ஒரு வாரம் கழித்து, ஜூன் 28-ல் வெர்சேல்ஸ் ஒப்பந்தம் கையெழுத்தானது. அது ஜெர்மன் கடற்படைக்கு அளந்து விட்டது இவ்வளவு: 6 பழைய போர்க்கப்பல், 6 இலகு குரூசர் (போர்க்கப்பலுக்கும் நாசகாரிக்கும் நடுத்தரமான கப்பல்), 12 நாசகாரி, 12 டார்பிடோ படகு. நீர்மூழ்கி கூடவே கூடாது. ஆட்கள் மொத்தம் 15,000. மாலுமியாகச் சேர்ந்தால் 12 வருடம், அதிகாரியானால் 25 வருடம் இருந்தே ஆகவேண்டும். ஆட்களைச் சீக்கிரம் சீக்கிரம் மாற்றி ரகசியமாக ஒரு பெரிய படையைப் பழக்கிவிடக் கூடாது என்பதற்காக இந்த நிபந்தனை. அதற்கு வேறொரு விளைவும் உண்டு. நீண்ட காலம் இருப்பவர்கள் என்பதால் பொறுக்கி எடுத்துத்தான் சேர்த்தார்கள், சேர்ந்தவர்களும் தொழிலில் நன்றாகத் தேறினார்கள்.

பழையதற்குப் பதில் புதியது கட்டலாமா? கட்டலாம், ஆனால் வயதுக் கணக்கு உண்டு. போர்க்கப்பலும் குரூசரும் 20 வருடம் ஓடியிருக்கவேண்டும். நாசகாரியும் டார்பிடோ படகும் 15 வருடம். புதிதாகக் கட்டும் நாசகாரி 800 டன்னையும், டார்பிடோ படகு 200 டன்னையும் தாண்டக்கூடாது.

இந்த எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டீகரைச் செதுக்கிய உளிகள் இவைதான்.

1920-களின் தொடக்கத்தில் ஜெர்மனிக்கு மிஞ்சியிருந்த படகுகள் 1906-க்கும் 1913-க்கும் இடையில் வந்தவை. பல படகுகள் நிலக்கரியைப் போட்டு ஓட்டியவை. அவற்றில் மூத்தவை 1921-லேயே 15 வயதைத் தாண்டின. சட்டப்படி அப்போதே மாற்றியிருக்கலாம். ஆனால் காசு எங்கே? 1923-ல் ஜெர்மன் மார்க்கின் மதிப்பு குப்பைத் தாள் அளவுக்கு விழுந்தது. ரொட்டி வாங்கக் கட்டுக் கட்டாக நோட்டு கொண்டுபோன வருடத்தில் யார் கப்பல் கட்டுவார்கள்? நாணயம் நிலைபெற்ற பிறகுதான் வேலை நடந்தது. 1925 மார்ச்சில் புதிய படகுகளில் முதலாவதான ‘மோவே’யைக் கட்டத் தொடங்கினார்கள். 1926 அக்டோபரில் அது கடற்படையில் சேர்ந்தது.

பன்னிரண்டு படகு கட்டினார்கள், ஒன்று கூடவுமில்லை, குறையவுமில்லை. ஒப்பந்தம் அனுமதித்த ‘நாசகாரிகள்’ பன்னிரண்டும் இவைதான். 200 டன் வகையை அவர்கள் சீந்தவேயில்லை. அந்த எடைக்குள் கடலில் உருப்படியாக எதையும் செய்யமுடியாது. ஆக, ஒப்பந்தத் தாளில் நாசகாரி, ஜெர்மானியர் வாயில் பழைய பழக்கப்படி டார்பிடோ படகு. வாசிக்கிறவர்களுக்கு வரும் குழப்பம் பாதி இதனால்தான்.

முதல் ஆறும் பறவைகள்: மோவே (கடற்காகம்), சேஆட்லர் (கடற்கழுகு), ஆல்பட்ரோஸ், கோண்டோர், ஃபால்க்க (வல்லூறு), அப்புறம் கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட புராண விலங்கான கிரைஃப். அடுத்த ஆறும் விலங்குகள்: வோல்ஃப் (ஓநாய்), இல்டிஸ் (கீரி போன்ற ஒரு காட்டு விலங்கு), லுக்ஸ் (காட்டுப்பூனை இனம்), யாகுவார், லேயோபார்ட் (சிறுத்தை), நம்முடைய டீகர் (புலி). எழுத்தும் எண்ணுமாக இருந்தவற்றுக்கு இப்போது தனித்தனிப் பெயர். நூறு இருக்கும்போது எண் போட்டால் போதும். பன்னிரண்டுதான் என்றால் செல்லப் பெயர் வைக்கத்தானே தோன்றும்?

எல்லாம் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனில் இருந்த கடற்படையின் சொந்தத் தளத்தில் உருவானவை. அதே தளத்தில் 1925 ஜனவரியில் இன்னொரு கப்பலையும் நீரில் இறக்கினார்கள். ‘எம்டன்’ என்ற குரூசர். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன, கெட்டிக்காரனைக் குறிக்கும் சொல்லாகவே நம் பேச்சில் நின்றுவிட்ட அந்த எம்டனின் நினைவாக வைத்த பெயர். போருக்குப் பிறகு ஜெர்மனி கட்டிய முதல் பெரிய போர்க்கப்பல் அதுதான்.

800 டன்னுக்குள் ஒரு புலி

இந்தப் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. வடிவமைப்பாளரின் மேசையில் போய் உட்கார்ந்து பாருங்கள். 800 டன்தான் அனுமதி. அதற்குள் 34 நாட் வேகம் வேண்டும். மணிக்கு 63 கிலோமீட்டர். ஆறு டார்பிடோக் குழாய், மூன்று மூன்றாக இரண்டு சுழலும் மேடையில். 10.5 சென்டிமீட்டர் பீரங்கி மூன்று. வட கடலின் குளிர்கால அலையைத் தாங்கும் உடல். 2,000 கடல் மைல் போய்வர எண்ணெய். நூற்றுச் சொச்சம் பேருக்குப் படுக்கை, சமையலறை, தண்ணீர்.

வேகத்துக்கு விலை அதிகம். டீகரின் இயந்திரங்கள் 23,000 குதிரைத்திறன் கொண்டவை. ஒப்பிட்டுப் பாருங்கள்: ஆறு மடங்குக்கு நெருங்கிய கனமுள்ள எம்டனுக்கே 46,500 தான். அதாவது இந்தச் சின்னப் படகின் வயிற்றுக்குள் ஒரு குரூசரின் பாதி இயந்திரம். முன்னும் நடுவும் கொதிகலன் அறைகள், டர்பைன் அறைகள் என்று நிறைந்துபோக, ஆட்களுக்கு மிஞ்சியது ஓரஞ்சாரம்தான்.

எடையைக் குறைக்க இரண்டு வழிகள் கைகொடுத்தன. ஒன்று, டர்பைனுக்கும் உந்து விசிறிக்கும் நடுவே கியர் வைத்தது. டர்பைன் வேகமாகச் சுற்றினால்தான் திறமையாக வேலை செய்யும். விசிறி மெதுவாகச் சுற்றினால்தான் தண்ணீரை நன்றாகப் பிடித்துத் தள்ளும். நேராக இணைத்தால் இரண்டுக்கும் பாதி பாதி நஷ்டம். நடுவே கியர் வந்தால் இரண்டும் தத்தம் வேகத்தில் ஓடும், எண்ணெயும் மிச்சமாகும். இன்னொன்று, மின் வெல்டிங். அதுவரை கப்பல் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி ரிவிட் அடிப்பார்கள். அந்த ஏற்றிய விளிம்பும் ஆயிரக்கணக்கான ரிவிட் தலைகளும் வீண் எடை. வெல்டிங்கில் விளிம்போடு விளிம்பு ஒட்டிவிடும். எடைக்கட்டுப்பாடு இல்லாத நாடுகள் நிதானமாக யோசித்துக்கொண்டிருந்த காலத்தில், ஒப்பந்தத்தின் நெருக்கடி ஜெர்மன் தளங்களை இந்தத் தொழில்நுட்பத்துக்குள் தள்ளிவிட்டது.

சரி, இவ்வளவு செய்தும் 800 டன்னுக்குள் அடங்கியதா? இல்லை. டீகரின் எடை சுமார் 930 டன். எண்ணெயும் தண்ணீரும் முழுதாக நிரப்பினால் 1,300 டன்.

ஏமாற்றுதானே என்று கேட்கலாம். ஏமாற்றுதான். ஆனால் ‘டன்’ என்பதே அப்போது கொஞ்சம் நெகிழும் சரக்கு. கப்பலின் எடை என்றால் எதை எதைச் சேர்த்து? எண்ணெய் இல்லாமலா, பாதியுடனா, முழுதாகவா? குண்டுகள் சேர்த்தா, சேர்க்காமலா? வெர்சேல்ஸ் ஒப்பந்தம் எண்ணைச் சொன்னதே தவிர, எப்படி நிறுக்கவேண்டும் என்று சொல்லவில்லை. 1922-ல் வாஷிங்டனில் கூடிய கடல் வல்லரசுகள்தான், ஆட்களும் ஆயுதமும் சாப்பாடும் சேர்த்து, எரிபொருளையும் கொதிகலனுக்கான நீரையும் விட்டுவிட்டு நிறுக்கும் ‘நிலை எடை’ என்ற அளவை வகுத்தன. ஒரு கப்பலைப் பற்றிப் படிக்கும்போது இரண்டு மூன்று விதமாக டன் கணக்குக் கண்ணில் பட்டால் பயப்படாதீர்கள். எந்தத் தராசு என்று மட்டும் பாருங்கள்.

வேலை என்ன பார்த்தது?

பணி வரலாற்றில் வரும் சில சொற்களை இங்கே விளக்கிவிடுகிறேன். நம் மீனவர்கள் படகின் அடிமரத்தை ஏரா என்பார்கள். கப்பலுக்கும் அந்த முதுகெலும்பை முதலில் கிடத்துவார்கள். அதுதான் கட்டத் தொடங்கிய தேதி. நீரில் இறக்கிய தேதியில் அது வெறும் கூடு, நிறைய வேலை மிச்சம் இருக்கும். டீகருக்கு அந்த மிச்ச வேலைக்கு ஏறக்குறைய பத்து மாதம் ஆனது. அதன்பிறகு கொடி ஏற்றி, ஆட்களை ஏற்றிப் பணியில் சேர்த்த தேதி. பெயர் சூட்டுவது இறக்கும் நாளிலேயே முடிந்துவிடும்.

பணியில் சேர்ந்த படகு தனியாக இருக்காது. நான்கு படகு சேர்ந்தால் ஓர் அரைப் படகணி. பறவைகளும் விலங்குகளுமாக அப்படிப் பிரிந்து வட கடலோரம் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனிலும் பால்டிக் கரையில் ஸ்வீனமுண்டவிலும் நின்றன. (ஸ்வீனமுண்ட இன்று போலந்தில் உள்ளது, இப்போதைய பெயர் ஸ்வினோவுய்ஷ்சியே.) வேலை என்றால் பயிற்சி, பயிற்சி, பயிற்சி. அணிவகுத்துப் போவது, புகைத்திரை போடுவது, டார்பிடோ எறிந்து பழகுவது. பழகும்போது முனையில் வெடிமருந்து இருக்காது. ஓடி முடிந்ததும் மிதக்கும், தேடிப் பொறுக்கிக் கொண்டுவந்து திரும்பப் பயன்படுத்துவார்கள். 1930-களின் தொடக்கத்தில் 50 சென்டிமீட்டர் குழாய்களைக் கழற்றிவிட்டு 53.3 சென்டிமீட்டர் குழாய்களைப் பொருத்தினார்கள். 1932-ல் லேயோபார்டிலும் லுக்ஸிலும் 12.7 சென்டிமீட்டர் பீரங்கி வைத்துப் பார்த்தார்கள்.

சுவாரசியமில்லாத காலம் மாதிரித் தெரியும். ஆனால் அந்த இருட்டுப் பயிற்சிகளில் ஒருவர் பாடம் படித்துக்கொண்டிருந்தார். 1928-ல் நான்காவது அரைப் படகணியின் தலைவராக வந்தவர் கார்ல் டோனிட்ஸ். போர்க்காலத்தில் நீர்மூழ்கியில் இருந்தவர், பிரிட்டிஷாரிடம் கைதியாகித் திரும்பியவர். ஜெர்மனிக்கு நீர்மூழ்கி கூடாது என்று ஆனபிறகு டார்பிடோ படகுக்கு மாறினார். 1920-களின் தொடக்கத்தில் டி 157 என்ற பழைய படகு அவர் கையில் இருந்தது. இரவில் எதிரியைத் தேடிக் கண்டுபிடிப்பது, கண்டவர் மற்றவரை அழைப்பது, நீர்மட்டத்தில் நெருங்கி டார்பிடோ எறிவது என்று அரைப் படகணியில் அவர் பழக்கியவை பின்னால் அவருடைய நீர்மூழ்கிக் கூட்டங்களின் தாக்குமுறைக்கு அடித்தளமாயின. 1935-ல் நீர்மூழ்கிப் படை அவரிடம் வந்தபோது ஆயுதம்தான் புதிது, பாடம் பழையது. நீர்மூழ்கியைத் தடை செய்தால் அந்தக் கலையே மறந்துபோகும் என்று ஒப்பந்தக்காரர்கள் நினைத்தார்கள். அனுமதித்த படகிலேயே அதன் பாதி வளர்ந்துவிட்டது.

ஸ்பெயின்

1936 ஜூலையில் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டது. ஜெர்மனி தன் குடிமக்களை அழைத்துவர என்று சொல்லிக் கப்பல்களை அனுப்பியது. பிறகு ஸ்பானியக் குடியரசு அரசை எதிர்த்துக் கிளம்பிய தளபதி ஃபிராங்கோவின் பக்கம் நின்றது. 1937 ஏப்ரலில் பல நாடுகள் சேர்ந்து, வெளியிலிருந்து ஆயுதம் போகாமல் தடுக்க ஸ்பானியக் கடலோரத்தைப் பங்கு பிரித்துக் காவல் காத்தன. அதில் ஜெர்மனியும் ஒரு காவல்காரன். யாரை எதிர்க்கிறானோ அந்தக் குடியரசின் கரையையே கண்காணிக்கும் வேலை!

பெரிய கப்பல்களுடன் டார்பிடோ படகுகள் முறைவைத்துப் போய்வந்தன. டீகரும் போனது. 1937 மே 29 அன்று இபிஸா தீவருகே நங்கூரமிட்டிருந்த ‘டாய்ச்லாண்ட்’ கப்பல்மீது ஸ்பானியக் குடியரசின் விமானங்கள் குண்டு போட்டன. 31 பேர் இறந்தார்கள். ஹிட்லர் பழிவாங்கக் கட்டளையிட்டார். மே 31 விடியற்காலையில் ‘அட்மிரல் ஷேர்’ என்ற போர்க்கப்பல் ஸ்பெயினின் அல்மெரியா நகரைப் பீரங்கியால் அடித்தது. கூட ஆல்பட்ரோஸ், சேஆட்லர், லுக்ஸ், லேயோபார்ட் என்று நான்கு டார்பிடோ படகுகள். செத்தவர்களில் பொதுமக்கள் அதிகம். டார்பிடோ எறியப் பிறந்த படகுகள் தங்கள் பீரங்கியை உண்மையான இலக்கின்மீது திருப்பியது ஓர் ஊரை நோக்கித்தான். டீகர் அதில் இல்லை.

ஒப்பந்தம் போனபின்

இதற்குள் வெர்சேல்ஸ் ஒப்பந்தம் காற்றில் போயிருந்தது. 1935 மார்ச்சில் ஹிட்லர் அதை மீறிப் படை திரட்டுவதை வெளிப்படையாக அறிவித்தார். ஜூன் 18-ல் பிரிட்டனே ஜெர்மனியுடன் உடன்பாடு செய்துகொண்டு, பிரிட்டிஷ் கடற்படையில் 35 சதவிகிதம்வரை கட்டிக்கொள் என்றது. இனி 800 டன்னுக்குள் முடங்கவேண்டியதில்லை. 1937 ஜனவரியில் ‘லேபரெக்ட் மாஸ்’ பணியில் சேர்ந்தது. 2,200 டன், 12.7 சென்டிமீட்டர் பீரங்கி ஐந்து, டார்பிடோக் குழாய் எட்டு. அதன் எண் இசட் 1. இந்த வகைக்குத்தான் ஜெர்மன் கடற்படை முதன்முதலாக ‘நாசகாரி’ என்ற பெயரைக் கொடுத்தது. அண்ணன்கள் வந்ததும் பறவைகளும் விலங்குகளும் இரண்டாம் வரிசைக்குப் போயின.

அதோடு ஒரு வேடிக்கை. 1930-ன் லண்டன் கடற்படை உடன்பாட்டில் 600 டன்னுக்கு உட்பட்ட கப்பல்களுக்குக் கணக்கு வழக்குக் கிடையாது. அந்த ஓட்டைக்குள் நுழையலாம் என்று ஜெர்மானியர்கள் 600 டன்னில் ஒரு புதிய டார்பிடோ படகைத் திட்டமிட்டார்கள். கட்டி முடித்தபோது எடை 840-ஐத் தாண்டிவிட்டது. பீரங்கியோ பின்புறத்தில் ஒன்றே ஒன்று. முதலாவதான டி 1 வந்தது 1939 டிசம்பரில். பெயர் வைக்கும் பழக்கம் போய் மறுபடி எண்ணுக்குத் திரும்பிவிட்டார்கள்.

அந்த ஆகஸ்ட்

1939 ஆகஸ்டில் ஜெர்மன் கப்பல்கள் பால்டிக்கில் கூடிக்கொண்டிருந்தன. போலந்தைத் தாக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. விளக்கை அணைத்துவிட்டு, அதிக வேகத்தில், ஒன்றுக்கொன்று சில நூறு மீட்டர் இடைவெளியில் கப்பல்கள் ஓடிப் பழகுவது கத்தி விளிம்பில் நடப்பது மாதிரி. அந்தக் காலத்தில் ராடார் எல்லாக் கப்பலிலும் கிடையாது. கப்பலை இயக்கும் மேல்தளத்தில் நிற்பவரின் கண்ணும் ஒரு தொலைநோக்கியும்தான். 30 நாட் என்றால் நொடிக்குப் பதினைந்து மீட்டர். ஏதோ நிழலாடுகிறதே என்று புரிந்து, கட்டளை போய், சுக்கான் திரும்பி, கப்பல் உண்மையில் வளையத் தொடங்குவதற்குள் படகின் முழு நீளத்தைவிட அதிகமாக ஓடியிருக்கும்.

டென்மார்க்கின் போர்ன்ஹோம் தீவுக்கு அருகே புதிய நாசகாரி ஒன்று டீகர்மீது மோதியது. கனத்தில் இரண்டு மடங்குக்கு மேல் பெரியது. எடைக்காக இழைத்து இழைத்து மெல்லிசாக்கிய தகடு அந்த மோதலைத் தாங்கவில்லை. பத்தரை வருடம் பணியில் இருந்த படகு, எதிரிக் கப்பல் ஒன்றின்மீதும் டார்பிடோ எறியாமலே அடியில் போய்ச் சேர்ந்தது.

கூடப் பிறந்த பதினொன்றும் போரைப் பார்த்தன. லேயோபார்டுக்கும் டீகரின் தலைவிதிதான்: 1940 ஏப்ரல் 30 அன்று சொந்தப் பக்கத்துக் கப்பல் மோதி மூழ்கியது. ஆல்பட்ரோஸ் அதே மாதம் நார்வேயில் பாறையில் ஏறி உடைந்தது. வோல்ஃப் 1941-ல் டன்கெர்க் அருகே கண்ணிவெடியில் போனது. சேஆட்லரும் இல்டிஸும் 1942 மே 13 அன்று ஆங்கிலக் கால்வாயில் பிரிட்டனின் சின்ன விசைப்படகுகள் எறிந்த டார்பிடோவுக்கு இரையாயின. மோவே, ஃபால்க்க, யாகுவார் மூன்றும் 1944 ஜூனில் ல ஹாவ்ர் துறைமுகத்தில் ஒரே இரவு குண்டுவீச்சில் போயின. போர் முடிந்தபோது பன்னிரண்டில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

டீகரை மோதிய நாசகாரியின் பெயரைச் சொல்லவில்லையே. இசட் 3, ‘மாக்ஸ் ஷுல்ட்ஸ்’. புதிய நாசகாரிகளுக்கு முதல் உலகப்போரில் உயிர்விட்ட கடற்படை அதிகாரிகளின் பெயரை வைத்திருந்தார்கள். மாக்ஸ் ஷுல்ட்ஸ், 1917 ஜனவரியில் வட கடலில் வி 69 என்ற படகில் இறந்த டார்பிடோ படகணித் தலைவர். அவர் பெயர் தாங்கிய கப்பலுக்கும் அதன்பிறகு ஆறு மாதம்தான் ஆயுள். 1940 பிப்ரவரி 22 இரவு அது வட கடலில் மூழ்கியது. ஒருவரும் பிழைக்கவில்லை.